நூறு என்று எழுதினேன்

எனக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது. ஐந்து கோடுகளும் அவற்றில் ஏறி இறங்கும் புள்ளிகளும் எதற்கென்று தெரியும். தனியே இருந்து, விரல் வைத்து, எழுத்துக்கூட்டி ஒரு வரியைப் பிடித்துவிடுவேன். ஆனால் வயலின்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வாசிக்கும்போது அந்த வேகத்துக்குப் பக்கத்தைத் தொடர என்னால் முடியாது. எழுதவும் முடியாது. லண்டனில், மனோர் பார்க்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் இல்ஃபோர்டிலும் என்னை மியூசிக் டைரக்டர் என்று அறிந்தவர்கள் பலர். அவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

தெரியாமல் இருந்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அதை மறைப்பதற்காக வேறொருவரின் வேலையை என் வேலையாகக் காட்டினேன். அதைத்தான் எழுத வந்தேன்.

யாழ்ப்பாணத்தில் எனக்கு இசை வந்தது காது வழியாகத்தான். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அறிவிப்பாளர்கள் ஒரு பாட்டைப் போடுமுன் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசை என்று வரிசையாகச் சொல்வார்கள். எங்கள் தலைமுறைக்கு அது ஒரு பள்ளிக்கூடம். எந்தப் பாட்டுக்கு யார் இசை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். பிறகு ஊரில் ஒரு இசைக்குழுவில் சேர்ந்தேன். கேசட்டை முன்னும் பின்னும் ஓட்டி, பாட்டுக்கு முன்னால் வரும் கிட்டார், இடையில் வரும் வயலின், அடியில் ஓடும் பேஸ் எல்லாவற்றையும் காதால் இறக்கிக் கீபோர்டில் வாசிப்பேன். "அவன் பேப்பர் பாக்க மாட்டான், கேட்டாலே போதும்" என்று கோயில் திருவிழா மேடைகளில் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பேப்பர் பார்க்கக் கற்றுக்கொள்ளாததற்கு அதுவே சாக்காகவும் ஆனது.

லண்டனுக்கு வந்து பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை. வார இறுதியில் கல்யாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் பழைய கொரோனேஷன் சினிமாக் கட்டிடம் கல்யாண மண்டபமாக இருக்கிறது. பேசாப் படங்களின் காலத்தில் இப்படியான திரையரங்குகளில் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாத்தியக்காரர்கள் படத்துக்கு வாசித்தார்கள் என்று படித்தபின், அந்த மண்டபத்தில் கீபோர்டைப் பொருத்தும்போதெல்லாம் நானும் சினிமாவுக்குத்தான் வாசிக்கிறேன் என்று ஒரு நினைப்பு வரும். கற்பனைக்குக் காசு இல்லை.

கணினி வந்ததும் என் குறை மறைந்துபோனது. மேல் மாடியில் உள்ள சின்ன அறையில் ஒரு மேசை, ஒரு கீபோர்ட், இரண்டு ஸ்பீக்கர். அறுபது வயலின் வேண்டுமா, கட்டையை அழுத்தினால் வரும். ஹார்ன், ஹார்ப், கோரஸ் எல்லாம் வரும். நான் வாசிப்பதை மென்பொருள் பதிந்துகொள்ளும். புள்ளியும் கோடும் யாருக்கு வேண்டும்? புலம்பெயர்ந்த பிள்ளைகள் எடுத்த குறும்படங்களுக்கு அந்த அறையிலிருந்தே இசை போட்டேன். டைட்டிலில் 'இசை' என்று என் பெயர் வரத் தொடங்கியது.

அந்த நாள்களில் இங்குள்ள தமிழ் வானொலி ஒன்றில் திரையிசை பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். நான் விரும்பிப் பேசிய விஷயம் ஒன்றே ஒன்று: பெயர் வராத மனிதர்கள். வானொலி அறிவிப்பாளர் சொல்லாமல் விட்ட அடுத்த பெயர், அரேஞ்சரின் பெயர்.

பம்பாயில் சங்கர் ஜெய்கிஷனுக்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் வாத்தியக் கோர்ப்பு எழுதிய செபாஸ்டியன் டிசோசாவைப் பற்றிச் சொல்வேன். கோவாக்காரர். பிரிவினைக்கு முன் லாகூரில் ஹோட்டலில் பேண்ட் நடத்தியவர். சங்கரும் ஜெய்கிஷனும் மெட்டைப் போட்டுப் பாடிக் காட்டுவார்கள். நூறு பேர் உட்கார்ந்து வாசிக்கக்கூடிய பக்கங்களாக அதை மாற்றுவது அவர் வேலை. அந்தோனி கொன்சால்வஸைப் பற்றிச் சொல்வேன். 'அமர் அக்பர் அந்தோனி' படத்தில் அமிதாப் பச்சன் முட்டைக்குள்ளிருந்து வந்து சொல்லும் பெயர் உண்மையான ஒரு வயலின் ஆசிரியரின் பெயர் என்றும், அவரிடம் படித்த பியாரேலால்தான் 1977இல் அந்தப் பாட்டின் மூலம் குருவுக்கு மரியாதை செய்தார் என்றும் சொன்னால் நேயர்கள் உடனே தொலைபேசியில் வருவார்கள். கோடம்பாக்கத்தில் மெல்லிசை மன்னர் காலத்து ஜோசப் கிருஷ்ணா, ஹென்றி டேனியல் என்ற பெயர்களைச் சொல்வேன்.

ஆர்.கே. சேகரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எனக்கே குரல் தழுதழுக்கும். மலையாளப் படங்களுக்குச் சென்னையில் இசைப்பதிவு நடந்த காலம் அது. 1964இல் 'பழசிராஜா' படத்தில் அவரே இசையமைப்பாளர். ஆனால் அவர் செய்த வேலையில் பெரும்பங்கு மற்ற இசையமைப்பாளர்களின் மெட்டுகளுக்கு வாத்தியம் கோர்த்து, நின்று நடத்தியது. 1976 செப்டம்பரில் இறந்தார். அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அப்போது அவருடைய மகனுக்கு ஒன்பது வயது. அந்த மகன் ஏ.ஆர். ரஹ்மானாகி, தன் கேசட், சிடி உறைகளில் வாத்தியம் வாசித்தவர்களின் பெயர்களை அச்சிட வைத்தார். "அப்பாவின் பெயர் எத்தனை உறைகளில் வரவில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்" என்று நான் வானொலியில் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். பலர் பாராட்டினார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் அறியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காக வாதாடக் கூடாது.

சில வருடங்களுக்கு முன் முழுநீளப் படம் ஒன்று என்னிடம் வந்தது. இங்குள்ள தமிழர்கள் சேர்ந்து காசு போட்டு எடுத்தது. இயக்குநர் படத்தின் கடைசிப் பகுதிக்குக் கணினி வயலின் வேண்டாம், ஆள்கள் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சரி என்றுவிட்டேன். சொன்ன இரவு தூக்கம் வரவில்லை. ஆள்கள் வாசிக்க வேண்டுமென்றால் பேப்பர் வேண்டும்.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பிள்ளை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஏபிஆர்எஸ்எம் எட்டாம் கிரேட் முடித்து, இசைக் கல்லூரியில் படித்து, வயோலா வாசிக்கிறாள். தமிழ்ப் பாட்டும் காதில் உண்டு, தாய் வீணை வாசிப்பவர். அவளிடம் போனேன். "பிள்ளை, நான் மெட்டை வாசிச்சு அனுப்புறன். நீ எழுதித் தா. எனக்கு நேரம் இல்லை" என்றேன். நேரம் இல்லை என்பது முதல் பொய்.

நான் அனுப்பியது ஆர்மோனியத்தில் வாசித்த மெட்டு, வாட்ஸப் குரல்பதிவாக. அதனுடன் "இங்க சோகமா", "இங்க கொஞ்சம் பெரிசா" என்ற மாதிரிக் குறிப்புகள். அவ்வளவுதான். அவள் திருப்பி அனுப்பியதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. படத்தின் கடைசியில், விமான நிலையத்தில் ஒரு தாய் மகனுக்காக நிற்கிறாள். என் மெட்டு அந்த இடத்தில் எல்லா வயலினும் சேர்ந்து அழுவதாகத்தான் என் மனதில் இருந்தது. அவள் வயலின்களை ஒரே சுரத்தில், கேட்டும் கேளாமலும், நிறுத்தி வைத்திருந்தாள். மெட்டைச் செல்லோவிடம் கொடுத்திருந்தாள். பாதி மெட்டு முடியுமுன் வயோலா அதே மெட்டை இரண்டு தட்டுப் பிந்தி, கீழே தொடங்குகிறது. தாய் ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமும் தேடுகிற மாதிரி. நான் அவளிடம் இதைக் கேட்கவில்லை. எனக்கு இப்படிக் கேட்கவே தெரியாது.

"நல்லாயிருக்கு" என்று பதில் போட்டேன். ஒரு சொல். அதற்கு மேல் பாராட்டினால் எது யாருடையது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயம்.

ஒலிப்பதிவுக்கு ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் அவளுடைய நண்பர்கள். நான் முன்னால் கதிரையில், மடியில் ஸ்கோர். ஒவ்வொரு பக்கத்திலும் வலது மேல் மூலையில் இசையமைப்பாளர் என்று என் பெயரும், அதன் கீழே சின்ன எழுத்தில் அரேஞ்சர் என்று அவள் பெயரும் அச்சாகியிருந்தன. என் பெயரை அவள் ஒரு பக்கத்திலும் விட்டுவிடவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பக்கத்தில் நான் தடையில்லாமல் வாசிக்கக்கூடியதாக இருந்தது அந்த மூலை மட்டும்தான்.

அவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். எங்கே புரட்ட வேண்டும் என்று தெரியாது. மற்றவர்களின் கை தாளுக்குப் போவதைப் பார்த்துவிட்டுப் புரட்டினேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தி. செல்லோ வாசித்த பையன் அதைக் கவனித்தான் என்று நினைக்கிறேன். இடையில் நிறுத்தி, இந்த பாரில் பி நேச்சுரலா, பி ஃப்ளாட்டா, அச்சு தெளிவாக இல்லை என்று என்னைப் பார்த்துக் கேட்டான். இசையமைப்பாளரைத்தானே கேட்க வேண்டும். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. "எது உனக்கு நல்லாயிருக்கோ அதை வாசி" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தேன். பகிடி என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். வயோலா வரிசையிலிருந்து அவள் தலையைத் தூக்காமல் "நேச்சுரல்" என்றாள். தொடர்ந்து வாசித்தார்கள்.

அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

டைட்டிலுக்கான பெயர்ப் பட்டியலை இசைத் துறை சார்பில் நான்தான் இயக்குநருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். முதல் வரைவில் 'இசை' என்று என் பெயர், கீழே 'வாத்தியக் கோர்ப்பு' என்று அவள் பெயர். அனுப்புமுன் அந்த இரண்டாவது வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் பார்க்க வருகிறவர்கள் மனோர் பார்க்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கிற சனம். 'அப்ப வயலின் எல்லாம் அந்தப் பிள்ளையோ செய்தது?' என்று யாராவது கேட்டால்? வரியை அழித்தேன். அவள் பெயரை 'நன்றி' பட்டியலில் சேர்த்தேன். படப்பிடிப்புக்குச் சாப்பாடு கொடுத்தவருக்கும் கார் கொடுத்தவருக்கும் நடுவில்.

அது போதாதென்று கியூ ஷீட் வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படத்தில் வரும் ஒவ்வொரு இசைத் துண்டுக்கும் ஒரு வரி. துண்டின் பெயர், எத்தனை நிமிடம் எத்தனை விநாடி, எழுதியவர் யார், யாருக்கு எத்தனை வீதம். படம் தொலைக்காட்சியிலோ இணையத்திலோ ஓடினால் இதை வைத்துத்தான் பிஆர்எஸ் என்ற உரிமைத்தொகை அமைப்பு, எழுதியவர்களுக்குப் பணம் பிரிக்கும். எங்கள் மாதிரிப் படத்துக்கு வருகிற பணம் கோப்பி குடிக்கக் காணாது. இருந்தும் எல்லா வரியிலும் என் பெயருக்கு நேரே நூறு என்று எழுதினேன். விமான நிலையக் காட்சிக்கும் நூறு. பணத்துக்காகச் செய்யவில்லை என்பது என்னைக் காப்பாற்றாது. பணத்துக்காகச் செய்திருந்தால் கொஞ்சம் விளங்கிக்கொள்ளக்கூடியதாக இருந்திருக்கும்.

மனதுக்குள் ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்து எனக்காக வாதாடினார். மெட்டு உன்னுடையது. அவளுக்குக் காசு கொடுத்தாய், அதுவும் உன் சொந்தக் கையிலிருந்து. கோடம்பாக்கத்தில் எல்லோரும் இப்படித்தான்.

மெட்டு மட்டும் போதுமா என்ற கேள்விக்கு இதே லண்டனில் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1967இல் புரோக்கல் ஹாரம் குழு வெளியிட்ட 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டை எல்லோருக்கும் நினைவில் வைத்தது தொடக்கத்தில் வரும் ஓர்கன் வாசிப்பு. அதை வாசித்த மாத்யூ ஃபிஷரின் பெயர் எழுதியவர் பட்டியலில் இல்லை. 38 வருடம் கழித்து 2005இல் வழக்குப் போட்டார். பாட்டின் இசை உரிமையில் 40 வீதம் அவருடையது என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் இழுபட்டு, 2009 ஜூலையில் பிரபுக்கள் சபை அதை உறுதி செய்தது. பழைய வருமானத்தில் பங்கில்லை, வழக்குத் தொடுத்த பின்னர் வந்ததில் மட்டும். ஒரு ஓர்கன் வாசிப்புக்கு 40 என்றால் அந்தச் செல்லோவுக்கும் வயோலாவுக்கும் எத்தனை? நான் பூச்சியம் போட்டேன்.

மெட்டு மட்டுமே தெரிந்தவன் என்ன செய்யலாம் என்பதற்கும் ஒரு லண்டன்காரர் இருக்கிறார். சார்லி சாப்ளினுக்கு நொட்டேஷன் எழுதத் தெரியாது. முணுமுணுப்பார், பியானோவில் தட்டிக் காட்டுவார். 'மாடர்ன் டைம்ஸ்' படத்துக்கு அதைப் பிடித்து எழுத டேவிட் ராக்சின் என்ற 23 வயதுப் பையனை அமர்த்தினார். பையன் எதிர்த்துக் கதைத்தான் என்று வேலையைவிட்டு நிறுத்தி, பிறகு கூப்பிட்டு எடுத்தார். சாப்ளின் இலகுவான மனிதர் இல்லை. ஆனாலும் 1936இல் படம் வந்தபோது இசை சாப்ளின் என்றும், கோர்ப்பு எட்வர்ட் பவல், டேவிட் ராக்சின் என்றும் திரையில் பெயர் போனது. 'லைம்லைட்' படத்தின் இசைக்காக 1973இல் ஓஸ்கார் கிடைத்தபோதும் அவர் தனியாக வாங்கவில்லை, விருதில் இன்னும் இருவரின் பெயர்கள் இருந்தன. உலகத்திலேயே அதிகம் அறியப்பட்ட முகத்துக்குச் சொந்தக்காரர் இரண்டு பெயரைத் தன் பெயருக்குக் கீழே விட்டார். மனோர் பார்க்கில் மேல் மாடி அறையில் இருந்த என்னால் முடியவில்லை.

படத்தை இல்ஃபோர்டில் திரையிட்டார்கள். விமான நிலையக் காட்சியில் எனக்குப் பின்னால் விசும்பல் கேட்டது. வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டவர்கள் சொன்னது எல்லாம் ஒரே விஷயம்: "அண்ணை, கடைசியில செல்லோ ஒண்டு வருது பாருங்கோ, அந்த இடம்..." மெட்டை யாரும் சொல்லவில்லை. அவள் எழுதிய இடத்தைத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சர்ச் ரோட்டில் முருகன் கோயிலில் அவளுடைய தாயைக் கண்டேன். பூசை முடிந்து பிரசாதத்துக்கு வரிசையில் நின்றார். கோபமாக ஒன்றும் கேட்கவில்லை. "மாஸ்டர், பிள்ளையின்ர பேரும் வந்ததாம். நாங்கள் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள மேல போயிட்டுது" என்றார். "டைட்டில் எல்லாம் டைரக்டர் பாக்கிறது அக்கா, எனக்குத் தெரியாது" என்றேன். முருகன் சந்நிதியிலிருந்து பத்தடி தூரத்தில்.

இதற்கெல்லாம் மேலே ஒரு பொய் உண்டு. 2025 மார்ச் 8ஆம் தேதி ஹாமர்ஸ்மித்தில் இளையராஜா தன்னுடைய முதல் சிம்பொனி என்று அறிவித்த 'வேலியன்ட்'டை அரங்கேற்றினார். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினால் நேரே போய்விடலாம். எங்கள் ஊர்ப் பொடியன்களோடு போனேன். 1993இல் அவர் இதே லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக்குடன் ஒரு சிம்பொனியைப் பதிவு செய்து, அது இன்றுவரை வெளிவராமல் இருப்பது தெரிந்தவர்களுக்கு அந்த மாலையின் கனம் விளங்கும். அவர் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, மற்றவர்களின் மெட்டுக்கு உழைத்துவிட்டு 1976இல் 'அன்னக்கிளி'க்கு வந்தவர். அவருக்கு அரேஞ்சர் கிடையாது. வயலின், செல்லோ, பேஸ், புல்லாங்குழல், எல்லாப் பகுதியையும் அவரே தாளில் எழுதிக் கொடுப்பார். புருஷோத்தமன் போன்றவர்கள் நின்று நடத்துவார்கள்.

என் மாதிரி ஆள்களுக்கு அவர் அறியாமலே ஒரு மறைவிடம் கொடுத்துவிட்டார். ராஜாவைக் கேட்டு வளர்ந்த தமிழ்ச் சனம், 'இசை' என்று ஒரு பெயரைக் கண்டால் அத்தனை வாத்தியத்தையும் அந்த ஆளே எழுதியதாக எடுத்துக்கொள்ளும். அவருக்கு அது பொருந்தும். அவருக்கு முன் இருந்தவர்களில் பலருக்கும் பின் வந்தவர்களில் பலருக்கும் பொருந்தாது. அது பிழையான நினைப்பு என்று நன்றாகத் தெரிந்திருந்தும் அதன் நிழலில் நான் குந்திக்கொண்டேன்.

இடைவேளையில் பக்கத்தில் இருந்த பொடியன் கேட்டான்: "அண்ணை, நீங்களும் இப்பிடித்தானே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எழுதிக் குடுக்கிறனீங்கள்?"

"ஓம்... சின்ன அளவில" என்றேன்.

அந்தச் 'சின்ன அளவில' என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பணிவாகச் சொன்ன மாதிரி இருக்கும். பொய்யை யாரும் சோதிக்காமல் இருக்கத்தான் அந்தப் பணிவு.

அன்றிரவு அவளுக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினேன். மறுநாள் தொலைபேசியில் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன், நொட்டேஷன் தெரியாது என்பதையும். "தெரியும் அங்கிள்" என்றாள். அதற்கு மேல் அவள் பேசியது தொழில் பேச்சு. இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் என்று தன் பெயர் வர வேண்டுமென்றால் அந்த உரிமையை எழுத்தில் கோரி வைக்க வேண்டும், தான் அப்போது அதைச் செய்யவில்லை, இப்போது யாருக்கு வேலை செய்தாலும் முதலில் அதைத்தான் அனுப்புகிறேன் என்றாள். அந்தப் பாடத்தை என்னிடம் படித்திருக்கிறாள். மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கியூ ஷீட்டைத் திருத்தி அனுப்பினோம். அவள் எழுதிய துண்டுகளுக்குச் சரிபாதி. பாதி அவளுக்குக் குறைவு என்பது என் எண்ணம், அவள் அதற்கு மேல் வேண்டாம் என்றாள். டைட்டிலை மாற்ற இயக்குநர் மறுத்துவிட்டார். படத்தை மறுபடி ஏற்றுமதி செய்து எல்லா இடத்துக்கும் அனுப்ப அவரிடம் காசில்லை, அதற்கு நான் கொடுக்க முன்வந்த தொகை காணாது. ஆகவே திரையில் இன்றைக்கும் அந்தப் பெயர் சாப்பாட்டுக்கும் காருக்கும் நடுவில் ஓடி மறைகிறது.

இந்தக் கட்டுரையிலாவது அவள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "வேலை தேடுற நேரம் அங்கிள். பிரச்சினைக்காரி எண்டு பேர் வந்தா யாரும் கூப்பிட மாட்டினம்." ஏமாற்றியவன் ஒப்புக்கொண்டால் நேர்மையானவன் என்பார்கள், ஏமாற்றப்பட்டவள் பெயர் வெளியே வந்தால் பிரச்சினைக்காரி என்பார்கள். அவள் கணக்குச் சரி. எனவே இங்கேயும் என் பக்கத்துக் கதை மட்டுமே வருகிறது. இந்தக் கட்டுரையால் எனக்குக் கிடைக்கக்கூடிய நல்ல பெயரையும் வாசகர்கள் சந்தேகத்துடனேயே பார்க்கவும்.

நொட்டேஷன் படிக்கிறேனா என்றால், கிரேட் 1 புத்தகம் வாங்கினேன். பாதியில் கிடக்கிறது. வானொலிக்காரர்கள் மறுபடி கூப்பிட்டார்கள், பெயர் வராத கலைஞர்கள் பற்றிப் பேச வேண்டுமாம். எனக்குத் தகுதியில்லை என்றேன். பணிவு என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

புலம்பெயர்ந்த மண்ணில் படம் எடுக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். டைட்டிலைப் பூட்டுமுன் உங்கள் இசையமைப்பாளரை உட்கார வைத்து, "வயலின் பகுதியை யார் எழுதினது?" என்று நேராகக் கேளுங்கள். ஸ்கோரை வாங்கிப் பாருங்கள், வலது மேல் மூலையில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், அதை அப்படியே திரையில் போடுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மை சொல்லியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் ஸ்கோரையும் வாங்கிப் பார்க்கச் சொல்கிறேன்.